விலைச்சீட்டை மறைத்துவிட்டுக் கேட்டால்: ஹைஃபை உலகின் தீராத சண்டை

2022 ஜூலையில், அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் இசைத்தட்டுக் கடை வைத்திருக்கும் ஒருவர் யூடியூபில் ஒரு குற்றச்சாட்டை முன்வைத்தார். மொபைல் ஃபிடெலிட்டி (சுருக்கமாக மோஃபை) என்ற நிறுவனத்தின் விலையுயர்ந்த எல்பி தட்டுகள் முழுக்க அனலாக் முறையில், அதாவது ஒலியை எங்கும் எண்களாக மாற்றாமல், தயாரானவை என்று வாங்குபவர்கள் நம்புகிறார்கள். ஆனால் நடுவில் ஒரு டிஜிட்டல் கட்டம் இருக்கிறது என்றார். சில நாட்களில் அவரே கலிஃபோர்னியாவின் செபாஸ்டபோலில் உள்ள அந்த நிறுவனத்துக்குப் போய், பொறியாளர்களைக் கேமரா முன் உட்காரவைத்துக் கேட்டார். அவர்கள் மறுக்கவில்லை. 2011 முதலே பல ஆல்பங்களின் மூல நாடாவை டிஎஸ்டி என்ற டிஜிட்டல் வடிவத்தில் பதிந்துகொண்டு, அந்தக் கோப்பிலிருந்துதான் தட்டு வெட்டியிருக்கிறார்கள்.

சந்தேகத்தைக் கிளறியது ஒரு சாதாரணக் கணக்கு. மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ ஆல்பத்தை ‘ஒன்-ஸ்டெப்’ முறையில் 40,000 பிரதிகள் போடப்போவதாக நிறுவனம் அறிவித்திருந்தது. வழக்கமாக, லாக்கர் என்ற பூச்சுத் தட்டில் பள்ளம் வெட்டி, அதிலிருந்து ஓர் உலோக அச்சு, அதிலிருந்து ஒரு தாய் அச்சு, அதிலிருந்து தட்டு அழுத்தும் அச்சுகள் என்று மூன்று படிகளில் பெருக்குவார்கள். ஒன்-ஸ்டெப்பில் நடுப்படிகள் கிடையாது. லாக்கரிலிருந்து எடுத்த அச்சே நேராகத் தட்டை அழுத்தும்; குறிப்பிட்ட எண்ணிக்கைக்குப் பிறகு தேய்ந்துவிடும்; மறுபடி புது லாக்கர் வெட்ட வேண்டும். 40,000 பிரதிகளுக்கு மூல நாடாவைத் திரும்பத் திரும்ப ஓட்டியாக வேண்டும். நாற்பது வயதான மாஸ்டர் நாடாவை எந்த ரெக்கார்டிங் கம்பெனி அப்படி ஓடவிடும்?

வழக்குகள் வந்தன. 2023-இல் சுமார் 2.5 கோடி டாலர் மதிப்புள்ள சமரசத்தில் விவகாரம் முடிந்தது. வாங்கியவர்களின் கோபம் நியாயமானது. காதுக்கு வித்தியாசம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், சொல்லாமல் மறைத்து விற்றது தவறுதான். ஆனால் சட்டப் பிரச்சினை தீர்ந்த இடத்தில் இன்னொரு கேள்வி எழுந்தது. டிஜிட்டல் ஒலியைக் கேட்டவுடன் கண்டுபிடித்துவிடுவோம் என்று சொல்லிவந்த பலரும், விமர்சகர்கள் உட்பட, பத்தாண்டுகளாக இதே தட்டுகளைத்தான் அனலாக்கின் உச்சம் என்று கொண்டாடியிருந்தார்கள். அப்படியென்றால் காதுக்கு உண்மையில் எது கேட்கிறது, எது கேட்பதில்லை? அதைக் கண்டறிய ஹைஃபை உலகம் வைத்திருக்கும் கருவிதான் பிளைண்ட் டெஸ்ட்: ஒலிப்பது எது என்பதை மறைத்துவிட்டுக் கேட்கவைக்கும் சோதனை. அதன் பேரில் நடக்கும் சண்டைக்கு வயது நாற்பதுக்கு மேல்.

மோஃபை விவகாரம் எதை நிரூபிக்கிறது

இதை வைத்து ‘அனலாக்கும் டிஜிட்டலும் ஒன்றே என்று நிரூபணமாகிவிட்டது’ என்று பலர் எழுதினார்கள். அது அவசரம். அந்தத் தட்டுகளை யாரும் டிஜிட்டல் கட்டம் இல்லாத அதே வெட்டுடன் அருகருகே வைத்துக் கேட்கவில்லை. வித்தியாசம் இருக்கிறதா என்று தேடச் சொல்லி யாரையும் கேட்கவுமில்லை. ஒப்பீடு இல்லாத இடத்தில் சோதனை இல்லை.

நிரூபணமானது அதைவிடக் குறுகிய ஒரு விஷயம்: ‘டிஜிட்டல் எங்கே நுழைந்தாலும் என் காதில் உறுத்தும்’ என்ற வாதம் நிற்கவில்லை. அத்தனை பேர் வீட்டில், அத்தனை லட்சம் ரூபாய் செட்டுகளில், அது உறுத்தவில்லை. இந்தச் சண்டையில் பெரும்பாலான சச்சரவு, ஒரு சோதனை காட்டியதைவிடக் கூடுதலாக அதன் தலையில் ஏற்றிவிடுவதால் வருவது. இரு தரப்பும் இதைச் செய்கிறார்கள்.

இரண்டு கட்சிகள்

ஹைஃபை ஆர்வலர்கள் கூடும் இடத்தில் அரை மணி நேரம் இருந்தால் போதும், உரையாடல் இந்த வடிவத்துக்கு வந்துவிடும். ஒருவர் புது பவர் கேபிள் மாட்டியதிலிருந்து குரலுக்கும் தனக்கும் நடுவே இருந்த திரை விலகிவிட்டது என்பார். இன்னொருவர் “பிளைண்ட் டெஸ்ட் பண்ணிப் பார்த்தீங்களா?” என்பார். “எதுக்கு? சமையல்கட்டுல இருந்த என் வீட்டம்மாவே என்ன மாத்தினீங்கன்னு கேட்டாங்க” என்று பதில் வரும். அதற்கு மேல் பேச்சு ஒலியைப் பற்றியதாக இருக்காது.

முதலாமவரைக் காதுக் கட்சி என்றும், இரண்டாமவரை அளவீட்டுக் கட்சி என்றும் வைத்துக்கொள்வோம். இந்தப் பிரிவினையில் பிளைண்ட் டெஸ்ட் எப்போதும் அளவீட்டுக் கட்சியின் ஆயுதமாகவே பார்க்கப்படுகிறது. இது அடிப்படையிலேயே பிழையான பார்வை. பிளைண்ட் டெஸ்டில் மீட்டர் தீர்ப்புச் சொல்வதில்லை, வரைபடம் தீர்ப்புச் சொல்வதில்லை. தீர்ப்புச் சொல்வது காது மட்டுமே. விலை, பிராண்ட், அலுமினிய முகப்பின் கனம், நேற்று படித்த விமர்சனம் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, காதிடம் மட்டும் கேட்கிறது அது. ‘காதை நம்புங்கள்’ என்பவர்கள்தான் இந்தச் சோதனையை முதலில் வரவேற்றிருக்க வேண்டும்.

ஏன் மறைக்க வேண்டும்?

‘நான் நேர்மையானவன், என்னை விலைச்சீட்டு ஏமாற்றாது’ என்பது இயல்பான பதில். ஆனால் இது நேர்மை சம்பந்தப்பட்டதே அல்ல. 1976-இல் மெக்கர்க், மெக்டொனால்ட் என்ற இரு உளவியலாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள். ‘க’ என்று உச்சரிக்கும் உதடுகளின் படத்தோடு ‘ப’ என்ற ஒலியைச் சேர்த்துப் போட்டால், பெரும்பாலானோருக்கு ‘த’ போன்ற மூன்றாவது ஓர் ஒலி கேட்கிறது. கண்ணை மூடினால் ‘ப’. திறந்தால் மறுபடி ‘த’. இந்தத் தந்திரம் தெரிந்தவருக்கும் அப்படியே கேட்கிறது. நாம் கேட்பது காதில் விழுந்தது மட்டுமல்ல. கண்ணும் எதிர்பார்ப்பும் சேர்ந்து மூளை கட்டித்தருவது. எனவே ‘திரை விலகியது’ என்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே அப்படிக் கேட்கிறது. அந்த மாற்றம் கேபிளிலிருந்து வந்ததா, அவருக்குள்ளிருந்து வந்ததா என்பதுதான் கேள்வி.

ஹைஃபைக்குள்ளேயே இதற்கு மிகத் தெளிவான சான்று இருக்கிறது. கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் நெடுங்காலம் ஸ்பீக்கர்களை ஆராய்ந்த ஃபிளாய்ட் டூல், பிறகு ஆடியோ கருவிகள் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்துக்கு வந்தார். அங்கே ஷான் ஆலிவுடன் சேர்ந்து 1994-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். நிறுவன ஊழியர்கள் 40 பேர் நான்கு ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். ஒரு முறை திரைக்குப் பின்னால், ஒரு முறை கண்ணெதிரே. கண்ணெதிரே வைத்தபோது பெரிய, அழகான ஸ்பீக்கர்கள் ஏறின. மலிவான சிறு பிளாஸ்டிக் செட் சரிந்தது. திரை போட்டதும் அந்தச் சிறு செட் பெரியவற்றோடு போட்டியிட்டது.

என்னைப் பொறுத்தவரை அந்த ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்பு அதற்கு அடுத்தது. ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றினால் அதன் ஒலி, குறிப்பாக பேஸ், நிஜமாகவே மாறும். திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டவர்கள் இந்த மாற்றத்தைக் கண்டுகொண்டு மதிப்பெண்ணை மாற்றினார்கள். கண்ணால் பார்த்துக் கேட்டவர்களின் மதிப்பெண் ஏறக்குறைய அப்படியே நின்றது. அதாவது பார்த்துக் கேட்பது இல்லாத வித்தியாசத்தை உண்டாக்குவதோடு நிற்பதில்லை. இருக்கிற வித்தியாசத்தையும் காதுக்கு எட்டாமல் செய்துவிடுகிறது. பிளைண்ட் டெஸ்ட் ஒலியின் நுட்பத்தை மழுங்கடிக்கிறது என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிட நேரான பதில் இல்லை.

நல்ல சோதனைக்கு மூன்று நிபந்தனைகள்

1. கேட்பவருக்கும் தெரியக்கூடாது, நடத்துபவருக்கும் தெரியக்கூடாது.

இதுதான் இரட்டை மறைப்பு. 1900-களின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கூட்டல் கழித்தல் போட்டு, குளம்பைத் தட்டி விடை சொன்னது. 1907-இல் ஆஸ்கர் ஃபங்ஸ்ட் ஆராய்ந்தபோது, கேள்வி கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவர் உடலில் ஏற்பட்ட மிகச் சிறிய அசைவைப் பார்த்து அது தட்டுவதை நிறுத்தியது. கேபிளை மாற்றிவிட்டுத் திரும்பும் நண்பரின் முகமும் அப்படித்தான் பேசும். மாற்றும்போது கேட்கும் ‘கிளிக்’ ஓசைகூடத் துப்புக் கொடுக்கும்.

வெறும் விளக்கணைப்பு போதாது என்பதற்கு எடிசனின் கதை இருக்கிறது. 1915 முதல் பத்தாண்டுகள் அவருடைய நிறுவனம் அமெரிக்கா முழுக்க ‘டோன் டெஸ்ட்’ என்ற நிகழ்ச்சிகளை நடத்தியது. மேடையில் பாடகி பாடுவார், கூடவே கிராமபோனும் ஓடும். இருட்டில் எது நிறுத்தப்பட்டது என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. பாடகி ஆனா கேஸ், தன் குரலை இயந்திரத்தின் ஒலியோடு ஒத்துப்போகும்படி அமைத்துக்கொண்டதைப் பின்னாளில் சொன்னார்.

2. இரண்டின் ஒலியளவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பெரும்பாலான கடை டெமோக்கள் கவிழும் இடம் இதுதான். ஒலியளவு கொஞ்சம் கூடினாலே நமக்கு பேஸும் டிரெபிளும் கூடுதலாகத் தெரியும். ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் வரைந்த சம உரப்பு வளைகோடுகள் சொல்வது இதைத்தான். வித்தியாசம் கால் டெசிபல் போல மிகச் சிறியதாக இருந்தால், ‘இது சத்தமாக இருக்கிறது’ என்று யாருக்கும் தோன்றாது. ‘இது தெளிவாக இருக்கிறது, மேடை விரிந்திருக்கிறது’ என்றே தோன்றும். அதனால் சோதனைகளில் 0.1 டெசிபலுக்குள் பொருத்துவது வழக்கம். ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், ஓர் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) 2.00 வோல்ட் காட்டும்போது மற்றது 2.02-ஐத் தாண்டக்கூடாது. காதால் கேட்டு வால்யூம் குமிழைத் திருகினால் இந்தத் துல்லியம் வராது.

3. போதுமான தடவை செய்ய வேண்டும்.

நாணயம் சுண்டினாலும் பாதி சரியாக வரும். பத்துக்கு எட்டு என்பது பெரிதாகத் தெரிந்தாலும், வெறும் ஊகத்திலேயே அந்த அளவோ அதற்கு மேலோ வர நூற்றில் 5-க்குச் சற்று மேல் வாய்ப்பு இருக்கிறது. பத்துக்கு ஒன்பது என்றால் அது நூற்றில் ஒன்றாகக் குறையும். 16 தடவையில் 12 என்பது பலரும் வைக்கும் எல்லை. ஊகத்தில் அதை எட்ட நூற்றில் 4-க்கும் குறைவான வாய்ப்பே உண்டு. ஆனால் நூறு பேர் உட்கார்ந்து ஊகித்தால் அதில் மூன்று நான்கு பேர் எப்படியும் தேறிவிடுவார்கள். அவர்களை மட்டும் காட்டி ‘தங்கக் காது’ என்றால் அது கணக்கைப் புரிந்துகொள்ளாத பேச்சு. அவர்களை மறுபடி சோதித்தால்தான் தெரியும்.

இந்த மூன்றையும் ஒன்றாக்கும் முறைதான் ஏபிஎக்ஸ். ஏ ஒரு கருவி, பி இன்னொரு கருவி, எக்ஸ் இரண்டில் ஏதோ ஒன்று. வேண்டிய மட்டும் மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு, எக்ஸ் எது என்று சொல்ல வேண்டும். 1950-இல் பெல் ஆய்வகத்தில் இந்த எண்ணம் உருவானது. ஹைஃபைக்குள் கொண்டுவந்தவர்கள் டெட்ராய்ட் பகுதி ஆர்வலர் குழு ஒன்றைச் சேர்ந்தவர்கள். அவர்களில் ஒருவரான டேவிட் கிளார்க் 1982-இல் ஆடியோ பொறியியல் சங்கத்தின் இதழில் இதற்கான ஸ்விட்ச் பெட்டியை விவரித்தார். எது சிறந்தது என்று இதில் யாரும் கேட்பதில்லை. வேறுபடுத்த முடிகிறதா என்பது மட்டுமே கேள்வி.

ஒவ்வொரு கருவியிலும் தெரியவந்தது

ஸ்பீக்கர்: இங்கே வித்தியாசம் பெரியது, மறைத்தாலும் மறையாதது. ஹார்மன் நிறுவனம் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் சில நொடிகளில் இடம் மாற்றிவைக்கும் காற்றழுத்த மேடையையே கட்டியது. ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஒரே இடத்திலிருந்து ஒலிக்கும்படி செய்வதற்குத்தான் அது. 2003-இல் ஆலிவ் வெளியிட்ட ஆய்வில் 268 பேர் கலந்துகொண்டார்கள்; பயிற்சி பெற்றவர்களும் இருந்தார்கள், பெறாதவர்களும் இருந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் மதிப்பெண்ணைக் கறாராகவும் நிலையாகவும் போட்டார்கள். ஆனால் எது முதல், எது கடைசி என்ற வரிசை இரு தரப்புக்கும் ஏறத்தாழ ஒன்றே. ‘அவரவர் ரசனை’ என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி, மறைத்துக் கேட்டால் ஒரே திசையில் போகிறது: அதிர்வெண்கள் எல்லாம் மேடு பள்ளமின்றி ஒலிக்கும், பக்கவாட்டிலும் அதே சீர்மையோடு ஒலியைப் பரப்பும் ஸ்பீக்கரை நோக்கி.

ஆம்ப்ளிஃபயர்: 1987 ஜனவரியில் ‘ஸ்டீரியோ ரிவ்யூ’ இதழ் சுமார் 220 டாலர் ரிசீவர் முதல் 12,000 டாலர் வால்வ் (வெற்றிடக் குழாய்) ஆம்ப் வரை வைத்து ஏபிஎக்ஸ் நடத்தியது. கேட்டவர்கள் 25 பேர். நம்புபவர்களும் நம்பாதவர்களும் கலந்து இருந்தார்கள். ஒட்டுமொத்த முடிவு ஊகத்துக்கு மேல் போகவில்லை. இதை ‘எல்லா ஆம்பும் ஒன்றே’ என்று சுருக்குவதும் தவறு. வால்வ் ஆம்ப்கள் பலவற்றின் வெளியீட்டு மின்தடை அதிகம். ஸ்பீக்கரின் மின்தடை அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்குவதால், அந்த ஆம்பின் ஒலியும் அதோடு சேர்ந்து மேடு பள்ளமாகும். அது மறைத்துக் கேட்டாலும் தெரியக்கூடியதுதான். திறனுக்கு மேல் முடுக்கி கிளிப்பாக (ஒலியலையின் உச்சி வெட்டுப்பட) விட்டாலும் தெரியும்.

இதை அழகாகக் காட்டியவர் வடிவமைப்பாளர் பாப் கார்வர். 1985-இல் ‘ஸ்டீரியோஃபைல்’ இதழாசிரியர்களிடம் அவர் ஒரு சவால் விட்டார். அவர்கள் விரும்பும் உயர்விலை ஆம்பின் ஒலியை, தன்னுடைய விலைகுறைந்த டிரான்சிஸ்டர் ஆம்பில் அப்படியே கொண்டுவந்து காட்டுவதாகச் சொன்னார். அவர்கள் ஒரு வால்வ் ஆம்பைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் சாண்டா ஃபேயில் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து, இரண்டு ஆம்ப்களின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிச்சமிருக்கும் ஒலி மறையும்வரை தன் ஆம்பின் உள்ளே பாகங்களைத் திருத்திக்கொண்டே போனார். முதல் சுற்றுகளில் வித்தியாசம் கேட்ட அதே இதழாசிரியர்கள், கடைசியில் வேறுபாடு சொல்ல முடியவில்லை என்று எழுதினார்கள். இரு கட்சியும் இந்தக் கதையைத் தங்கள் வெற்றியாகச் சொல்லலாம். வால்வுக்கென்று ஓர் ஒலி இருப்பது உண்மை. அதை அளந்து, பிரதி எடுக்க முடியும் என்பதும் உண்மை.

கேபிள்: இதில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 5 மீட்டர் தூரம், போக வரச் சேர்த்து 0.12 ஓம் அளவுக்குத்தான் தடை. 8 ஓம் ஸ்பீக்கரில் அதனால் வரும் இழப்பு 0.13 டெசிபல். மெல்லிய கம்பியை வெகுதூரம் இழுத்தால் பிரச்சினை வரும். தடிமனான சாதாரணக் கம்பியே அதைத் தீர்க்கும்.

ஹை-ரெஸ்: 1982-இல் வந்த சிடி, நொடிக்கு 44,100 மாதிரிகளை 16 பிட்டில் எடுக்கிறது. கணிதப்படி 20 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேல் வரையுள்ள எல்லாவற்றையும், சுமார் 96 டெசிபல் வீச்சில், அது பிடித்துவிடும். மனிதக் காதின் எல்லை இளமையில் 20 கிலோஹெர்ட்ஸ். வயது ஏற ஏறக் குறையும். அதற்கு மேலான 24 பிட், 96 அல்லது 192 கிலோஹெர்ட்ஸ் பதிவுகளுக்கு, அதாவது ஹை-ரெஸ்ஸுக்கு, கூடுதல் பலன் உண்டா என்பதில் இரண்டு ஆய்வுகளைச் சேர்த்தே படிக்க வேண்டும்.

2007-இல் பாஸ்டன் ஆர்வலர்களோடு மேயரும் மோரனும் நடத்திய சோதனையில், உயர்தர வட்டின் ஒலிக்கு நடுவே சிடி தரத்துக்கு இறக்கும் ஒரு கருவியைச் செருகினார்கள். 554 தடவைகளில் 276 சரி. அதாவது 49.8 சதவீதம். பிற்பாடு, அவர்கள் பயன்படுத்திய வட்டுகளில் சிலவற்றின் மூலப்பதிவே சிடி தரத்தைத் தாண்டியதல்ல என்ற நியாயமான விமர்சனம் வந்தது. 2016-இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரீஸ் 18 ஆய்வுகளை, 12,500-க்கும் மேற்பட்ட தடவைகளை, ஒன்றாகத் திரட்டினார். மொத்தம் 52.3 சதவீதம் சரி. பயிற்சி அளித்த சோதனைகளில் சுமார் 60 சதவீதம். புள்ளியியல்படி இது தற்செயல் இல்லை. ஏதோ ஒன்று மெலிதாகக் கேட்கிறது. ஆனால் ‘கேட்டவுடன் இரவும் பகலும் போல வித்தியாசம் தெரிந்தது’ என்ற வர்ணனைக்கும் 52.3-க்கும் நடுவே உள்ள தூரத்தையும் பார்க்க வேண்டும்.

வடிவமா, மாஸ்டரா?

நடைமுறையில் பலருக்கு எல்பிக்கும் சிடிக்கும், சிடிக்கும் ஹை-ரெஸ் கோப்புக்கும் தெளிவாக வித்தியாசம் கேட்கிறதே என்றால், ஆம், கேட்கிறது. காரணம் பெரும்பாலும் மாஸ்டரிங். அதாவது வெளியீட்டுக்கு முன் ஒலியைச் சமன்செய்து, அழுத்தி, அளவு கூட்டும் வேலை. 1990-களிலிருந்து சிடிகளை மேலும் மேலும் சத்தமாக்கும் போட்டி நடந்தது. மெல்லிய இடத்துக்கும் உச்சத்துக்கும் உள்ள தூரம் சுருங்கி, கேட்கக் களைப்பூட்டும் பதிவுகள் வந்தன. வினைலில், அதாவது எல்பியில், அதே அளவுக்குச் சத்தமாக வெட்ட முடியாததால் பல ஆல்பங்களில் அதற்கு வேறு மாஸ்டர் போனது.

இளையராஜாவின் எண்பதுகளின் எல்பிகளையும், அதே பாடல்களின் பிந்தைய ரீமாஸ்டர் சிடிகளையும் வைத்து நம் சேகரிப்பாளர்கள் நடத்தும் வாதத்திலும் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்பி நன்றாக ஒலிக்கிறது என்பது சரியாகவே இருக்கலாம். ஆனால் அதற்குக் காரணம் வினைல் என்று சொல்ல, இரண்டும் ஒரே மாஸ்டரிலிருந்து வந்திருக்க வேண்டும். அந்த எல்பியை ஒழுங்காக டிஜிட்டலில் பதிந்து எடுத்தால் அந்த ‘எல்பி ஒலி’ அந்தக் கோப்பிலும் இருக்கும். மோஃபை தட்டுகள் நன்றாக ஒலித்ததற்கும் விளக்கம் இதுவே: நல்ல மூல நாடா, பொறுமையான மாஸ்டரிங், கவனமான அச்சு. டிஎஸ்டி அவற்றில் எதையும் கெடுக்கவில்லை.

பிளைண்ட் டெஸ்டும் தவறும்

அளவீட்டுக் கட்சி பேச விரும்பாத பகுதி இது. பேசியே ஆக வேண்டும்.

முதலாவது, ‘வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை’ என்பது ‘வித்தியாசம் இல்லை’ ஆகாது. ஒருவரால் நூற்றுக்கு எழுபது தடவை நிஜமாகவே வேறுபடுத்த முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். 16-க்கு 12 என்ற எல்லையில் அவர் தேறும் வாய்ப்பு 45 சதவீதம்தான். பாதிக்கு மேற்பட்ட நாட்களில் அவர் தோற்றுவிடுவார், நாமும் ‘பார்த்தீர்களா’ என்று சொல்லிவிடுவோம். மாலை நேரத்துக் கூட்டத்தில் ஆளுக்குப் பத்து தடவை கேட்கவைத்து நடத்தும் சோதனைகள் பலவற்றுக்கு, சிறு வித்தியாசத்தைப் பிடிக்கும் வலுவே கிடையாது.

இரண்டாவது, எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாதவருக்கு இருப்பதும் கேட்காது. சுவீடன் வானொலி 1990-ஐ ஒட்டி ஒலியைச் சுருக்கி அனுப்பும் ஒரு டிஜிட்டல் முறையை, தேர்ந்த கேட்பாளர்கள் 60 பேரை வைத்து, 20,000-க்கும் மேற்பட்ட தடவைகள் மறைத்துச் சோதித்துத் தேறியதாக அறிவித்தது. அதன் பதிவு ஸ்பீக்கர் பொறியாளர் பார்ட் லோகாந்திக்கு வந்தபோது, 1.5 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஓர் அந்நிய ஒலி இருப்பதை அவர் காதால் பிடித்தார். சுட்டிக்காட்டிய பிறகு மற்றவர்களுக்கும் கேட்டது. ஒருவருடைய கூர்மையான காது அத்தனை பேரைக் கொண்ட சோதனையைத் திருத்தியது. இன்று ஒலிச்சுருக்க முறைகளுக்கான சர்வதேசப் பரிந்துரைகள் கேட்பவருக்கு முன்கூட்டியே பயிற்சி அளிக்கச் சொல்வதும், தெரிந்தே கெடுத்த மாதிரிகளை நடுவே கலந்து வைப்பதும் இப்படிப்பட்ட ஓட்டைகளை அடைக்கத்தான். கெட்டது என்று நமக்கே தெரிந்ததை ஒரு சோதனையால் பிடிக்க முடியவில்லை என்றால், அதன் மற்ற ‘வித்தியாசமில்லை’களுக்கும் மதிப்பில்லை.

அதேசமயம், காதுக் கட்சியின் வழக்கமான மறுப்பு ஒன்று சோதனையில் நிற்கவில்லை. ‘அவசரமாக மாற்றி மாற்றிக் கேட்டால் பதற்றம்தான் வரும், வாரக்கணக்கில் வீட்டில் கேட்டால்தான் தெரியும்’ என்பார்கள். டெட்ராய்ட் குழுவினர் இதையும் பார்த்தார்கள். சில பெட்டிகளில் 2.5 சதவீத ஒலி விகாரத்தை (டிஸ்டார்ஷன்) வேண்டுமென்றே சேர்த்து, சிலவற்றைச் சுத்தமாக விட்டு, ஒரு ஹைஃபை கழகத்தினரிடம் வீட்டில் வைத்துக் கேட்கக் கொடுத்தார்கள். நீண்ட நாள் கேட்டவர்களால் எது எது என்று சொல்ல முடியவில்லை. உடனுக்குடன் மாற்றிக் கேட்கும் ஏபிஎக்ஸில் அதே விகாரம் பிடிபட்டது. ஒலியின் நுட்பமான விவரத்தை நினைவு சில நொடிகளுக்கு மேல் வைத்திருப்பதில்லை. ‘போன மாதம் இருந்த ஆம்பை விட இது’ என்ற ஒப்பீடு பெரும்பாலும் நினைவைப் பற்றிய நினைவு.

வீட்டில் செய்து பார்க்க

ஆம்ப்களை வீட்டில் சரியாகச் சோதிக்க ஸ்விட்ச் பெட்டி வேண்டும். ஆனால் கோப்பு வடிவங்களைச் சோதிக்கச் செலவே இல்லை. ஹை-ரெஸ் சந்தா கட்டுவதா, புது டிஏசி (டிஜிட்டல் கோப்பை ஒலிக்கான மின்சமிக்ஞையாக மாற்றும் கருவி) வாங்குவதா என்று யோசிப்பவர்கள் ஒரு மாலை செலவழிக்கலாம்.

1. உங்களுக்கு நன்றாகப் பழகிய ஒரு ஹை-ரெஸ் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் சிடி பதிப்போடு ஒப்பிட வேண்டாம். அது வேறு மாஸ்டராக இருக்கலாம். அதே கோப்பை நீங்களே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுக்கும் 320 கேபிபிஎஸ் எம்பி3-க்கும் மாற்றுங்கள்.

2. ஃபூபார்2000 என்ற இலவச மென்பொருளில் ஏபிஎக்ஸ் துணைநிரலைச் சேர்த்து, இரண்டு கோப்புகளின் ஒலியளவையும் சமன்செய்யும் வசதியை இயக்கிவிடுங்கள்.

3. முதலில் 96 கேபிபிஎஸ் எம்பி3-ஐ வைத்துப் பழகுங்கள். ஜால்ரா, சலங்கை, கைத்தட்டல், ஹை-ஹேட் போன்ற கூர்மையான ஒலிகளில் தொடக்கம் மழுங்குவதும், ஒலிக்கு முன்னாலேயே மெல்லிய இரைச்சல் படர்வதும் கேட்கும். எதைத் தேடுவது என்று காதுக்குத் தெரிந்த பிறகு தரத்தைப் படிப்படியாக உயர்த்துங்கள்.

4. முழுப் பாட்டையும் ஓட்ட வேண்டாம். மூன்று நான்கு நொடித் துண்டு ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். களைத்தால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள். கால எல்லை எதுவும் இல்லை.

5. எத்தனை தடவை என்பதைத் தொடங்குமுன்பே முடிவு செய்யுங்கள். நடுவில் நல்ல எண் வந்ததும் நிறுத்துவது முடிவைக் கெடுக்கும். 16 வைத்து 12 அல்லது மேல் வந்தால், உடனே கொண்டாடாமல் இன்னொரு 16 செய்யுங்கள். 11 வந்தால் தோல்வி என்று மூடிவைக்கவும் வேண்டாம். வேறு துண்டு, வேறு பாட்டு எடுத்து மறுபடி 16.